நிலவறையும் ஆலயமும்: கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளில் ஒரு முற்பகல்

திருச்சபை வரலாற்றை வகுப்பறையில் கற்பிக்கும்போது ஆண்டுகளும் பெயர்களும் மாணவர் மனத்தில் ஒருவாறு பதிந்துவிடுகின்றன. இடங்கள் அவ்வாறு பதிவதில்லை. ஒரு திருப்பணியாளர் எந்த அறையில் நின்று அருளுரை ஆற்றினார், அவ்வறையின் சாளரம் எத்திசை நோக்கியது, அதன் தளத்திற்குக் கீழே என்ன இருந்தது என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களைக் கேளாமல் விட்டால் வரலாற்றின் ஒரு பாதி மறைந்தே நின்றுவிடும் என்பதை, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டின் கடற்கரையில் ஒரு முற்பகல் வேளையில் நாம் கற்றுக்கொண்டோம். அங்குக் கண்டவற்றையும், அவை பற்றிப் பயின்றவற்றையும், அவற்றுக்கும் நமது தமிழ்த் திருச்சபைக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

துறைமுகமும் அலையும்

கேப் கோஸ்ட் என்னும் நகரை அவ்வூர் மக்கள் தங்கள் ஃபாந்தே மொழியில் ஒகுவா என அழைக்கின்றனர். போர்த்துக்கீசியர் இட்ட ‘காபோ கோர்சோ’ என்னும் பெயரே ஆங்கிலேயர் வாயில் கேப் கோஸ்ட் எனத் திரிந்தது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் எல்மினா உள்ளது. இரு ஊர்களின் கோட்டைகளையும் இடையிலுள்ள கடற்கரையையும் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் காலை எட்டு மணிக்குத் தொடங்கி உச்சிப்பொழுதுக்குள் பார்த்துவிடலாம். பயணிகள் பலரும் இவ்வாறே செய்கின்றனர். நாமும் அவ்வாறே செய்தோம்.

துறைமுகம் என்றவுடன் கப்பல்கள் அணைந்து நிற்கும் ஆழமான நீர்நிலையை எண்ணுகிறோம். கேப் கோஸ்ட் அத்தகையதன்று. திறந்த கடலின் பேரலைகள் கரையை ஓயாது மோதுகின்றன. ஐரோப்பியக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, அலையைக் கடக்கும் கலையறிந்த உள்ளூர்ப் படகோட்டிகள் மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களில் சரக்குகளை ஏற்றி இறக்கினர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக் கடற்கரையில் மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் செய்த பணி இதுவே. அலை கடந்து சென்ற சரக்குகளுள் பொன் இருந்தது. யானைத் தந்தம் இருந்தது. பின்னர், மனிதர் இருந்தனர்.

தொடக்கத்தில் இக்கரைக்கு ஐரோப்பியரை ஈர்த்தது பொன்னே. அதனாலேயே இது பொற்கரை எனப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் பெருகப் பெருக, பொன்னினும் மனித உடல் மிகுந்த ஆதாயம் தரும் பொருளாயிற்று. அட்லாண்டிக் அடிமை வாணிகத்தின் காலம் முழுவதிலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என்றும், அவருள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுக்கடலிலேயே மாண்டனர் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். பொற்கரையிலிருந்து மட்டும் சென்றோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர்.

கேப் கோஸ்ட் கோட்டை

வெள்ளை பூசிய இக்கோட்டை பாறையின்மேல் கடலை நோக்கி நிற்கிறது. 1653இல் சுவீடன் நாட்டினர் இங்கு ஒரு கோட்டையை நிறுவினர். பின்னர் அது பலர் கைமாறி, 1660களில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1877இல் ஆட்சித் தலைமையிடம் அக்ராவுக்கு மாற்றப்படும் வரை பொற்கரையில் பிரித்தானியரின் தலைமைக் கோட்டை இதுவே. 1979 முதல் இதுவும் எல்மினாக் கோட்டையும் இக்கரையின் பிற கோட்டைகளும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக உள்ளன.

முற்றத்திலிருந்து சரிந்திறங்கும் வழியொன்று ஆண்கள் அடைக்கப்பட்ட நிலவறைக்குச் செல்கிறது. ஒன்றையடுத்து ஒன்றாகக் கல்லறைகளைப் போன்ற கூடங்கள்; கூரைக்கு அருகே ஓரிரு சிறு துளைகள்; கழிவு ஓடுவதற்குத் தரையில் ஒரு பள்ளம். கப்பல் வரும் வரை வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் மனிதர் இங்கே கிடந்தனர். நடுக்கூடத்தில் வழிகாட்டி சிறிது நேரம் விளக்கை அணைத்தார். எம்முடன் வந்த ஒருவரும் பேசவில்லை. விளக்கு மீண்டும் எரிந்தபோது, அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த வழித்தோன்றல்கள் சுவரோரம் வைத்துச் சென்ற மலர்வளையங்கள் கண்ணில் பட்டன.

மீண்டும் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்ததும், வழிகாட்டி நிலவறை வாயிலின் மேற்புறமிருந்த கட்டடத்தைச் சுட்டி, ‘கோட்டையின் ஆலயம் இருந்த இடம் இது’ என்றார். அவர் வேறொன்றும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. கீழே விலங்கிடப்பட்டோர், மேலே துதி பாடினோர். இடையில் இருந்தது ஒரு தளம் மட்டுமே.

முற்றத்தில் ஒரு கல்லறை

அம்முற்றத்தில் சில கல்லறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பிலிப்பு குவாக்கு என்னும் திருப்பணியாளருடையது. திருச்சபை வரலாற்றில் அவர் பெயர் சிறப்பிடம் பெறத்தக்கது. இங்கிலாந்துத் திருச்சபையில் குருத்துவத் திருநிலை பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

1750களின் முற்பகுதியில் எஸ்.பி.ஜி. என நாம் நன்கறிந்த நற்செய்திப் பரப்புச் சங்கத்தின் மிஷனெரியாகத் தாமஸ் தாம்ப்சன் என்பவர் கேப் கோஸ்டில் பணியாற்றினார். அவரது முயற்சியால் 1754இல் உள்ளூர்ச் சிறுவர் மூவர் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஒருவர் காசநோயால் இறந்தார். மற்றொருவர் மனநலம் குன்றி மறைந்தார். எஞ்சிய குவாக்கு 1765இல் திருநிலை பெற்று, 1766இல் தாயகம் திரும்பினார். 1816இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகள் இக்கோட்டையின் குருவாக இருந்தார்.

அவரது நிலை இரங்கத்தக்கது. சிறுவயதில் பிரிந்த தாய்மொழி அவருக்கு மறந்துபோயிற்று. தம் மக்களோடு பேச மொழிபெயர்ப்பாளரை நாடவேண்டியதாயிற்று. அவருடைய ஊதியத்தின் ஒரு பகுதியைச் சங்கமும் மறுபகுதியை அடிமை வாணிகம் செய்த குழுமமும் தந்தன. கோட்டைத் தலைவர்கள் பலர் வழிபாட்டைப் பொருட்படுத்தவில்லை. திருவிருந்தில் பங்குபெற ஆளில்லை எனச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களில் அவர் திரும்பத் திரும்ப வருந்துகிறார். கோட்டைக்குள் ஒரு சிறு பள்ளியை நடத்தினார். அதுவும் சில வேளைகளில் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளோடு. அடிமை வாணிகத்தின் கொடுமை அவர் கடிதங்களில் இடையிடையே வெளிப்படுகிறது. ஆயினும் கோட்டைக்குள் அக்குரல் ஓங்கி ஒலிக்கவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் 1807இல் வாணிகத்தைத் தடைசெய்த போது, நிலவறை அருகே அவர் நாற்பது ஆண்டுகள் பணியாற்றியிருந்தார்.

அவரை அனுப்பிய தாம்ப்சனோ 1772இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்க அடிமை வாணிகம் மனிதநேயத்துக்கும் திருமறையின் நெறிக்கும் முரணானதன்று என நிறுவ முயல்வது அந்நூல். அவரைக் கொடியவர் என்று கூறி நாம் எளிதில் கடந்து சென்றுவிட இயலாது. தொலைநாடுகளில் நற்செய்திக்காகத் துன்புற்றவர் அவர். நல்லவர் ஒருவர், திருமறையைக் கையில் ஏந்தியவாறே, தாம் கண்ணால் கண்ட அநீதிக்குச் சான்றோலை எழுதினார் என்பதே இங்கு நம்மை அச்சுறுத்துவது.

மீளா வாயில்

கோட்டையின் கடற்பக்கத்திலுள்ள வாயிலுக்கு ‘மீளா வாயில்’ என்று பெயரிட்டுள்ளனர். அடிமைகள் அவ்வழியே ஓடங்களுக்கு இட்டுச்செல்லப்பட்டனர். இன்று அக்கதவைத் திறந்தால் வண்ணம் தீட்டிய மீன்பிடி ஓடங்களும், வலை பின்னும் ஆடவரும், மீன் கூடையேந்திய பெண்டிரும், கரையில் ஓடியாடும் சிறுவரும் கண்முன் தோன்றுகின்றனர். ஓடங்கள் பலவற்றில் திருமறைச் சொற்கள் எழுதப்பட்டுள்ளன. நாகைக் கரையிலோ தூத்துக்குடிக் கரையிலோ நிற்பது போன்ற உணர்வு நமக்கு உண்டாயிற்று.

எல்மினா

கேப் கோஸ்டிலிருந்து தென்னை மரங்கள் நிறைந்த கரையோரச் சாலை வழியே எல்மினாவை அடைந்தோம். அங்குள்ள சாவ் ஜோர்ஜே கோட்டை 1482இல், அதாவது கொலம்பஸ் அமெரிக்கக் கடல்வழி சென்றதற்குப் பத்தாண்டு முன்பு, இரண்டாம் ஜான் மன்னன் ஆணைப்படி போர்த்துக்கீசியரால் கட்டப்பட்டது. தியோகோ டி அசாம்புஜா என்னும் தளபதி, செதுக்கிய கற்களைக் கப்பல்களில் கொணர்ந்து இதனை எழுப்பினான். நண்பர்கள் இடையிடையே வந்து செல்வதே நட்புக்கு நன்று, நிலையாகக் குடியேறுவது நன்றன்று என்னும் கருத்தை உள்ளூர்த் தலைவன் அவனுக்குப் பணிவோடு உரைத்ததாகப் போர்த்துக்கீசிய வரலாறே கூறுகிறது. அத்தலைவனின் அறிவுரை ஏற்கப்படவில்லை.

1637இல் டச்சுக்காரர் எதிரேயுள்ள குன்றின்மேல் பீரங்கிகளை ஏற்றிக் கோட்டையைப் பிடித்தனர். 1872இல் ஆங்கிலேயருக்கு ஒப்படைக்கும் வரை 235 ஆண்டுகள் அவர் வசமே இருந்தது. சீர்திருத்தச் சபையினராகிய அவர்கள் கத்தோலிக்க ஆலயத்தை வழிபாட்டுக்குப் பயன்படுத்தாமல் வாணிகத்துக்கு ஒதுக்கி, மாடியில் தமக்கென ஒரு வழிபாட்டுக் கூடம் அமைத்தனர். அதன் வாயிலின்மேல், சீயோன் ஆண்டவர் என்றென்றும் தங்கும் இளைப்பாறுதலிடம் என்னும் 132ஆம் திருப்பாடலின் கருத்து டச்சு மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. கீழ்முற்றத்தில் பெண் அடிமைகளின் அறைகள் உள்ளன. இளைப்பாறுதல் யாருக்கு என்னும் வினாவை அவ்வாயிலுக்குள் நுழைந்தோர் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கூடத்தில் அருளுரை ஆற்றியவருள் ஒருவர் யாக்கோபு எலிசா யோவான் காப்பித்தெய்ன். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, 1728இல் ஹாலந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர் அவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று, 1742இல் இலத்தீன் மொழியில் ஆய்வுரை ஒன்றை நிகழ்த்தினார். அடிமைத்தனம் கிறிஸ்தவ விடுதலைக்கு முரணானதன்று, ஏனெனில் நற்செய்தி தரும் விடுதலை ஆவிக்குரியதே என்பது அதன் முடிபு. அந்நூல் டச்சு மொழியில் பலமுறை அச்சேறியது. அவ்வாண்டிலேயே திருநிலை பெற்று எல்மினாவுக்கு அனுப்பப்பட்டார். பள்ளி நடத்தினார், ஆண்டவரின் செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஃபாந்தே மொழியில் பெயர்த்தார். உள்ளூர்ப் பெண் ஒருத்தியை மணக்க விரும்பியதற்குத் தாய்ச்சபை இசையவில்லை. ஹாலந்திலிருந்து மணப்பெண் அனுப்பப்பட்டாள். தம்மவரும் அவரை முழுமையாக ஏற்கவில்லை, கோட்டையாரும் ஏற்கவில்லை. 1747இல், ஏறத்தாழ முப்பது வயதில், கடன் சுமையோடு மறைந்தார்.

ஆவியின் விடுதலையை உடலின் விடுதலையிலிருந்து பிரித்தெடுக்கும் இறையியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, மாடிக் கூடமும் கீழ்முற்றமுமாக நிற்கும் அக்கோட்டையே விளக்கவுரையாகும்.

சோழமண்டலத் துணி

இவையனைத்தும் ஐரோப்பியர் செய்த பாவம், நமக்கென்ன என்று வாசகர் கருதக்கூடும். நாமும் அவ்வாறு கருதியவாறே அக்கோட்டைகளுக்குள் சென்றோம். ஆனால் அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட பொருள்கள் யாவை என்று பார்த்தால் நிலைமை வேறாகிறது. துப்பாக்கி, சாராயம், இரும்பு, மாலைத்தீவுச் சோழி ஆகியவற்றோடு, எல்லாவற்றினும் மிகுதியாகத் துணி கொடுக்கப்பட்டது. அத்துணியில் பெரும்பகுதி இந்தியாவில் நெய்யப்பட்டது. நீலச் சாயம் தோய்த்ததும், வெள்ளையானதும், கோடும் கட்டமும் இட்டதுமான பருத்தித் துணிகளைச் சோழமண்டலக் கரையில் வாங்கி, ‘கினித் துணி’ என்று பெயரிட்டே ஐரோப்பிய வணிகர் ஏற்றுமதி செய்தனர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரரும், சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயரும் இத்துணிகளைத் தேடி வாங்கினர். தறியில் அமர்ந்த நெசவாளர் தம் துணி எதற்கு விலையாகும் என்பதை அறிந்திருக்க வழியில்லை. அவர்மீது பழியில்லை. ஆயினும் கரைகள் தொலைவில் இருப்பதால் தொடர்பும் இல்லையென்று இனி நாம் சொல்வதற்கில்லை.

நம் கரையும் தூயதாக இருக்கவில்லை. பஞ்ச காலங்களில் சோழமண்டலத்திலிருந்தே டச்சுக்காரர் மனிதரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் ஜாவாவுக்கும் அனுப்பினர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வருத்திய போது இவ்வாறு சென்றோர் பல்லாயிரவர்.

எஸ்.பி.ஜி. சங்கம் நமக்கு அயலானதன்று. 1820களில் தமிழ்நாட்டு மிஷன் பணிகளை ஏற்று, தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் பள்ளிகளையும் சபைகளையும் வளர்த்தது அச்சங்கம். கால்டுவெல் இடையன்குடியில் பணியாற்றியது அச்சங்கத்தின் மிஷனெரியாகவே. அதே சங்கத்துக்கு 1710இல் பார்படோஸ் தீவில் கிறிஸ்தோபர் காட்ரிங்டன் என்பவரின் கரும்புத் தோட்டங்கள் உயிலின்படி கிடைத்தன. அவற்றோடு நூற்றுக்கணக்கான அடிமைகளும் கிடைத்தனர். ஒரு காலத்தில் அவர்கள் மார்பில் ‘சொசைட்டி’ என்னும் சொல் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின், சங்கத்துக்கு 8,800 பவுனுக்கு மேல் இழப்பீடு அளிக்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கு ஒன்றும் அளிக்கப்படவில்லை. 2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, இவ்வாணிகத்தில் திருச்சபைக்கு இருந்த பங்குக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. நம் முன்னோர்க்கு எழுத்தறிவித்த கைகளை நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். அந்நன்றி, அக்கைகளின் மறுபுறத்தைக் காணாதபடி நம் கண்களை மூடிவிடலாகாது.

மதிலுக்கு உள்ளும் வெளியும்

ஈண்டு ஓர் ஒப்புமை பயனுள்ளதாகும். காப்பித்தெய்ன் திருநிலை பெற்றதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1733 டிசம்பர் 28ஆம் நாள், தரங்கம்பாடியில் ஆரோன் ஐயர் முதல் தமிழ்ச் சுவிசேஷத் திருச்சபைக் குருவாகத் திருநிலை பெற்றார். அவர் அயல்நாட்டில் பயின்றவரல்லர். தம் மொழியில், தம் மக்கள் நடுவே, மாயவரம் சுற்றிய சிற்றூர்களில் நடந்து சென்று பணியாற்றினார். தரங்கம்பாடியிலும் கோட்டை இருந்தது, குழுமம் இருந்தது. ஆனால் சீகன்பால்க் ஐயர் ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் தலையிட்டு, கோட்டைத் தலைவனின் சினத்துக்கு ஆளாகி, 1708இல் டேனிஷ் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைக்கப்பட்டார். கோட்டைக்குள் ஒரு மிஷனெரி இருந்தார். ஆனால் சிறையில் இருந்தார். அச்சிறைவாசம் தமிழ்ச் சபையின் தொடக்கத்தில் கிடைத்த ஓர் அருட்பேறு என்றே நாம் கருதுகிறோம்.

கேப் கோஸ்டிலும் கதை முற்றத்துக் கல்லறையோடு முடிந்துவிடவில்லை. குவாக்குவின் மறைவுக்குப் பின்னும் கோட்டைப் பள்ளி நடந்தது. அதில் எழுத்தறிந்த இளைஞர் சிலர் 1831இல் ஒன்றுகூடித் திருமறையைத் தாமே படிக்கத் தொடங்கினர். அவருள் ஒருவராகிய வில்லியம் டி கிராஃப்ட், தம் குழுவுக்குத் திருமறைப் பிரதிகள் வேண்டுமெனப் பாட்டர் என்னும் கப்பல் தலைவரிடம் கேட்டார். பிரதிகளோடு ஒரு மிஷனெரியும் வந்தார். 1835 புத்தாண்டு நாளில் கரையிறங்கிய ஜோசப் டன்வெல், ஆறு மாதங்களுக்குள் நோயால் இறந்தார். 1838இல் வந்த தாமஸ் பெர்ச் ஃப்ரீமன், ஆப்பிரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர், நெடுங்காலம் உழைத்து அப்பணியை நிலைநாட்டினார். அவ்வாண்டிலேயே மெதடிஸ்டு ஆலயம் நகரில் பிரதிட்டை செய்யப்பட்டது. கோட்டை மதிலுக்கு வெளியே, வீதியில் நிற்கும் ஆலயம் அது. கோட்டைக் குருவின் ஐம்பதாண்டு உழைப்பில் கனியாதது, அவர் நடத்திய எளிய பள்ளி விதைத்த எழுத்தறிவின் வழியாக மதிலுக்கு வெளியே கனிந்தது. தம் பணி வீணென்று எண்ணி வருந்தும் ஊழியர்க்கு இதில் ஆறுதல் உண்டு.

நமது தளத்திற்குக் கீழே

உச்சிவேளையில் எல்மினாக் கோட்டையை விட்டு வெளியேறினோம். இரு கோட்டைகளிலும் பதிக்கப்பட்டுள்ள நினைவுக் கல், மாண்டோரை நினைவுகூர்ந்து, இத்தகைய அநீதியை மனித இனம் இனியொருபோதும் இழைக்கலாகாது என்று உயிரோடிருப்போரைச் சூளுரைக்கச் செய்கிறது. சூளுரைப்பது எளிது. மேலே துதி பாடினோரும் தம்மைக் கொடியவரென எண்ணவில்லை. நாள்தோறும் கேட்கும் ஓசை நாளடைவில் காதில் விழாமற் போகும். அதுவே அவர்களுக்கு நேர்ந்தது. அது நமக்கு நேராது என்பதற்கு என்ன உறுதி?

அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அதே 1833இல்தான், கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் விடுத்தார். சாதி வேற்றுமையைச் சபைக்குள்ளிருந்து உடனடியாகவும் முற்றிலுமாகவும் அகற்றவேண்டும் என்பது அதன் ஆணை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபையார் பலர் அதை ஏற்க மறுத்து ஆலயத்தைவிட்டு வெளியேறினர். பார்படோஸ் அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றனர். தானியேல் வில்சனின் மடல் இன்னும் நம் சபைகள் சிலவற்றில் விடை பெறவில்லை. கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் நிற்கும் ஊர்கள் உள்ளன. ஆலயத்தைப் பெருக்கித் துடைப்பவரின் ஊதியம், திருவிழாப் பந்தலின் செலவுக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று நாம் கணக்கிட்டதில்லை.

அநீதியால் கட்டிய வீட்டின் சுவரிலிருந்து கல்லே கூக்குரலிடும் என்று ஆபகூக்குத் தீர்க்கர் கூறினார். கேப் கோஸ்டின் கற்கள் இன்று நூற்றாண்டுகள் கழித்துப் பேசுகின்றன. கேட்பதற்கு உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். நம் ஆலயங்களின் கற்கள் பேசும் வரை காத்திராமல், தளத்திற்குக் கீழே இருப்போர் பேசும்போதே நாம் செவிசாய்ப்போமாக. இறையியல் மாணவர் தாம் செல்லவிருக்கும் ஒவ்வொரு சபையிலும், முதல் அருளுரைக்கு முன், இந்த ஆலயத்தின் தளத்திற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டறிவாராக. அவ்வினாவுக்கு விடை தேடுவதும் அவர்களது ஊழியத்தின் பகுதியே.